தூதரகத்து விருந்தாளி

"கேட்டைத் தாண்டிடாதீங்க. என்ன ஆனாலும் சரி, ஒரு அடி வெளிய வைக்காதீங்க" என்று அன்று போனில் கெஞ்சியது அவள்தான்.

"வைக்கல. நீ அழாத டீச்சர். ஒரு மாசம், மிஞ்சிப்போனா ரெண்டு மாசம்" என்றார் கணவர்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. அதே தூதரகத்தின் கூடத்தில் இரண்டு பெட்டிகளோடு நின்று, அந்தப் பேச்சை நினைத்துக்கொண்டிருந்தாள் டீச்சர். ஜன்னல் வழியே பார்த்தால் கேட்டுக்கு வெளியே இரண்டு வரிசை போலீஸ்.

கணவர் விமானப்படையின் ரேடார் அறையில் வேலை பார்த்தவர். வழிதவறி வந்த பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது நம் ஆட்கள்தான் என்று பத்திரிகையில் சொல்லிவிட்டு, பக்கத்து நாட்டுத் தூதரகத்துக்குள் ஓடி நுழைந்தார். வெளியே வந்தால் பத்து வருடம் சிறை.

'அவனை ஒப்படை' என்றது இந்த நாடு. 'முடியாது, அவர் எங்கள் விருந்தாளி' என்றது அந்த நாடு. கோபத்தில் இந்த நாடு தன் வானத்தை மூடிவிட, அந்த நாட்டு விமானங்கள் மூன்று வருடமாகக் கடலைச் சுற்றிக்கொண்டு பறந்தன.

நேற்றுதான் சமாதானம் ஆனது. இன்று பிற்பகல் ஒரே ஒரு விமானம் வந்து, அவரையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போகலாம். ஆனால் இருவரும் கேட்டுக்கு வெளியே இறங்கி நின்று, போலீஸ் அதிகாரி கேட்கும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த அதிகாரியை நினைத்தாலே அவளுக்குப் பயம். சனிக்கிழமைதோறும் கணவரைப் பார்க்க அவள் வரும்போது, கேட்டில் நிறுத்திப் பையைக் கொட்டிக் கிளறுகிற ஆள். மனதுக்குள் அவள் வைத்த பெயர் கழுகு. "இன்னிக்கும் சட்டைதானா டீச்சரம்மா? எப்ப உங்க வீட்டுக்காரரையே மடிச்சுப் பையில வெச்சு எடுத்துட்டுப் போகப்போறீங்க?" என்று சிரிப்பான்.

"முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க டீச்சர். சாவு வீட்டுக்கா போறோம்?" என்றபடி வந்தார் தூதரகச் செயலாளர். வெளிநாட்டுக்காரர், ஆனாலும் இவர்கள் மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார். ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல், கணவன் மனைவி பேசும்போது கூடவே சோபாவில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தவர்.

இருவரும் மாடிக்குப் போனார்கள். கணவரின் அறைக் கதவில் வெளிப்பக்கம் போட்டிருந்த தாழ்ப்பாளைச் செயலாளர் நீக்கி, "மாப்பிள்ளை, கிளம்பலாமா?" என்று குரல் கொடுத்தார்.

கணவர் எழுந்து வந்தார். போன வாரத்தைவிட இளைத்திருந்தார். "பொத்தானைப் பாருங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டிருக்கீங்க. கல்யாணத்தன்னிக்கும் இதே கூத்துதான்" என்று அவள் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார் அவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் இப்படித்தான். செயலாளரைப் பார்த்ததும் விழுங்கிவிடுவார். தன்னோடு வந்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் இந்தக் கூச்சம் என்று அவளுக்குத் தெரியாதா?

"நீங்க கேக்கவே வேணாம். கீழ ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணு என்னோடது" என்றாள்.

அவர் முகம் வெளுத்துப்போனது. "நீயும் வர்றியா? யார் உன்னை வரச் சொன்னது?"

"நாங்கதான்" என்றார் செயலாளர் அன்பாக. "அங்க போனதும் ரேடார் பத்தி நீங்க நிறையப் பேச வேண்டியிருக்கு சார். மனைவி பக்கத்துல இருந்தா மனசு விட்டுப் பேசுவீங்கல்ல?"

எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

கொடி கட்டிய காரில், இருவருக்கும் நடுவே மாமியார் மாதிரி செயலாளர் உட்கார்ந்துகொண்டார். போர்ட்டிகோவிலிருந்து கேட் வரை ஐம்பது அடிதான். அதற்குள் அவளுக்குக் கைக்குட்டை நனைந்துவிட்டது.

கார் கேட்டைத் தாண்டி நின்றது. மூவரும் இறங்கினார்கள். கழுகு ஒரு காகிதத்தோடு வந்தான். இன்று அவன் சிரிக்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஜீப்பின் கதவு திறந்தே இருந்தது.

கடவுளே, ஏதாவது சாக்குச் சொல்லி இழுத்துக்கொண்டு போய்விடுவானோ? பத்து வருடம்! அந்த உடம்பு தாங்குமா?

"உங்க சொந்த விருப்பத்துலதான் இந்த நாட்டை விட்டுப் போறீங்களா?" என்று கழுகு படித்தான்.

கணவர் திறந்திருந்த ஜீப்பையே பார்த்தார்.

"ஆமாம்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் சார். விமானம் காத்துக்கிட்டிருக்கு" என்றார் செயலாளர். குரலில் பழைய அன்பு இல்லை.

"சொல்லுங்க... சொல்லித் தொலைங்களேன்" என்று அவள் அழாத குறையாகக் கெஞ்சினாள்.

கணவர் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்து, அவளையும் இழுத்துக்கொண்டு கழுகின் பக்கமாக இரண்டு எட்டு வைத்தார். மூன்று வருடமாகத் தொண்டைக்குள்ளேயே கிடந்ததை ஒருவழியாக வாய்விட்டுக் கேட்டார்.

"சார், என்னைக் கைது பண்ணுங்க."