படத்தின் அடியில் இரண்டு வரி

1852 மார்ச், காலை எட்டு மணி. செத்த பறவைகள் மூன்று. செப்புத் தகட்டில் பொறித்தவன் அன்செல்ம் கார்ரிக்.

பாரிஸ் படக்கடைக்காரர் வோக்லேர் ஈரம் காயாத தாளைத் தூக்கிப் பிடித்தார். களஞ்சியக் கதவில் ஆணியடித்துத் தொங்கவிட்ட ஆந்தை, காகம், வல்லூறு. குஞ்சு தூக்கும் பறவைகளை மற்றவற்றுக்கு எச்சரிக்கையாக அறைந்து வைப்பது நாட்டுப்புற வழக்கம்.

"கை நல்ல கைதான்ப்பா. அடியில எதுக்கு இந்த உபதேசம்?"

'திருடித் தின்றோம், ஆணியில் தொங்குகிறோம்.
கூட்டை விட்டுப் பறப்பவனே, பார்த்துப் போ.'

"அது இருக்கணும் ஐயா."

"எழுத்து இல்லாத பிரதிக்குத்தான் வாங்கறவங்க அடிச்சுக்கறாங்க. தகட்டுல அந்த எழுத்தைச் சுரண்டி எடு."

"மாட்டேன்."

"அப்ப பாதிரியாரா போ. சாப்பாடாவது போடுவாங்க!"

அவர் படியிறங்கியதும் அன்செல்மை அவன் மனைவி கிளெமான்ஸ் பிடித்துக்கொண்டாள். "வீம்புக்கு ஒரு அளவு இல்லையாங்க?"

"வீம்பு இல்ல. அது எங்க வீட்டுக் களஞ்சியக் கதவு. அந்த வரி அப்பா சொன்னது, நான் வீட்டை விட்டுக் கிளம்பின அன்னிக்கு. படம் போடறது உருப்படாத பொழப்பாம். நீதி இருந்தாலாவது ஒரு தடவை பார்ப்பார்."

ஏழு வருஷமாக அப்பாவிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஊர்ப்பக்கம் போகும் வண்டிக்காரனிடம் படத்தைக் கொடுத்தனுப்பினான். பதில் இல்லை.

ஜூன் கடைசியில் அக்கா பெரீன் பாலாடைக்கட்டி விற்கப் பாரிஸ் வந்தாள். கூடையை இறக்கக்கூட அவன் விடவில்லை.

"அப்பா பார்த்தாரா?"

"பார்த்தாரு. ஆட்டு ரோமம் வெட்டற கத்தரிக்கோலைக் கொண்டான்னாரு."

"படத்தை வெட்டிட்டாரா?" என்றான் அன்செல்ம்.

"அடியில இருந்த எழுத்தை மட்டும் வெட்டி அடுப்புல போட்டாரு. 'ஏதோ கோவத்துல சொன்னது, அதைப் போய் எழுதி வச்சிருக்கான் பாரு'ன்னாரு. மிச்சம் அவர் கட்டில் தலைமாட்டுல இருக்கு. தெனம் தடவித் தடவி ஆந்தைக்கு மூக்கே தேஞ்சுபோச்சு."

"நாளைக்கே வரேன்க்கா."

"போடா, இப்ப வந்தா அரிவாளைக் கையில குடுத்துடுவாரு! அறுவடை முடியட்டும். சாவகாசமா உட்கார்ந்து பேசுங்க."

சரி என்றான்.

1852 ஆகஸ்ட் 19 அன்று, கடைசிக் கதிர்க்கட்டு வயலில் இருக்கும்போதே, அப்பா இறந்துபோனார்.