ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

“புதுசும்மா, உள்ள ஒண்ணும் கிடையாது. ஃபார்மேட் மட்டும் பண்ணிக் குடு” என்று குமரகுரு அந்த ஹார்ட் டிஸ்கை மேசைமேல் வைத்தார். நித்திலாவின் கணினிக் கடைக்கு நேர் எதிரே அவர் வீடு. ஒரு வாரமாக அங்கே அவர் மனைவி மங்கையின் குரலே கேட்கவில்லை. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நித்திலா டிஸ்கைச் செருகிக் கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தாள். திரை வேலையைத் தொடங்காமல் கேள்வி கேட்டது. ‘மங்கை’ என்ற பெயரில் இதில் ஏற்கெனவே கோப்புகள் வைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, கடைசியாகத் திறக்கப்பட்டது நேற்று, அழித்துவிட்டு மேலே போகவா?

“அக்கா பேரு போட்டிருக்கே அண்ணே?”

“வித்த கடைக்காரன் போட்டிருப்பான்.”

“அவனுக்கு எப்படி அக்கா பேரு தெரியும்?”

“போலீசு மாதிரி கேக்காத. தட்டு.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். அவரே குனிந்து, தடித்த விரலால் என்டரை அழுத்தினார். கேள்வி அடங்கிப்போனது. அவர் முகம் தெளிந்தது. “அவ்வளவுதானா?”

சரி என்று எழுதாமல் வெறும் என்டரைத் தட்டினால், வேண்டாம் என்றுதான் பொருள். ஒரு கோப்புகூட அழிந்திருக்காது.

“அவ்வளவுதாண்ணே” என்றாள் நித்திலா.

அவர் கை நீண்டது. அவள் டிஸ்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள். “சூடா இருக்குண்ணே. ஆறட்டும், சாயங்காலம் வாங்கிக்கிடுங்க.”

குமரகுரு அவள் கையையே பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்து வாசலை அடைத்தாற்போல் போட்டு உட்கார்ந்தார்.

“ஆறட்டும்மா. நான் இருக்கேன்.”