வலது கால்

கட்டிலைச் சாய்க்கும் மோட்டார் பழுது. நினைவில்லாமல் கிடந்தவனின் ஒரு காலை நர்ஸ் தூக்கிக்கொண்டு, மற்றதை அவன் மனைவி பூங்கோதையைப் பிடிக்கச் சொன்னாள். அது வலது கால். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் ஆகாதென்று வீடே சொன்ன நாளில், ஒரு மடக்குக் கேட்டுக் கெஞ்சி அவள் கை நீட்டிய செம்பை எட்டி உதைத்த கால்.

"காலைத் தூக்கினா ரத்தம் நெஞ்சுக்கு வரும். இதயம் அதை நல்லாத் தள்ளினா, உடம்பு தண்ணி கேக்குதுன்னு அர்த்தம்," என்றார் திரையைப் பார்த்தபடி டாக்டர். "வாய் பேச முடியாதவங்ககிட்ட இப்படித்தான் கேக்கணும்."

திரையில் எண் ஏறியது.

"கேக்குதும்மா. ஏத்திடலாம். காலை எறக்குங்க."

அவள் இறக்கவில்லை. அவளுடைய நகங்கள் கணுக்காலில் பதிந்திருந்தன.

"நான் வாயத் தொறந்துதான் கேட்டேன் டாக்டர்," என்றாள்.