ஜுமானாவுக்கு ஒன்றுமில்லை

அது ஜூன் மாதம் என்பதில்கூட எனக்கு இப்போது முழு நிச்சயமில்லை. மழை பெய்தது என்று நினைக்கிறேன். மட்டாஞ்சேரியை நினைத்தாலே எனக்குள் மழை பெய்துவிடுகிறது. ஆனால் ஷானவாஸ் தன் மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"ஆராவது கேட்டா என்ன சொல்லணும்?" என்று கேட்டுக்கொண்டே, அவன் மனைவி உமைரா காய்ச்சல் மருந்தை மகளின் வாயில் ஊற்றினாள்.

"கோவிட் இல்ல," என்றாள் மூன்று வயது ஜுமானா.

"அந்தப் பேரையே எடுக்கக் கூடாது. ஒண்ணும் இல்லன்னு சொல்லணும்."

"ஒண்ணும் கோவிட் இல்ல."

முந்தின நாள் வீட்டிலேயே சோதித்துப் பார்த்ததில் இரண்டு கோடுகள் பளிச்சென்று விழுந்திருந்தன. டே கேரில் சொன்னால் ஒரு வாரத்துக்குப் பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். வைட்டிலாவில் ஒரு ஜவுளிக்கடையில் உமைராவுக்கு பில் போடும் வேலை. பள்ளிக்கூடம் திறக்கிற சீசன். இனி ஒரு நாள் லீவு எடுத்தாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேனேஜர் சுதீர் சொல்லியிருந்தான்.

ஷானவாஸ் பழம்பொருள் கடை வைத்திருந்தான். மழைக்காலத்தில் சுற்றுலாக்காரர்கள் வருவதில்லை. காலையிலிருந்து மாலை வரை சாயா குடிப்பதுதான் வியாபாரம். அவன் வீட்டிலேயே இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனை அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை.

"சொல்லிடலாங்க. மத்த பிள்ளைங்களுக்கு ஒட்டினா பாவம்," என்றாள் உமைரா.

"எல்லாரும் மறைக்கத்தான் செய்யறாங்க. நாம மட்டும் ஏன் நல்லவங்களாகணும்?"

"நேத்து சாயங்காலம் டீச்சர் ரெண்டு தடவ போன் பண்ணாங்களே. எதுக்கா இருக்கும்?"

"எடுக்காம இருந்ததுதான் புத்தி. எடுத்திருந்தா கேட்டிருப்பாங்க. போன்ல பொய் சொல்ல உனக்கு வராது."

சுள்ளிக்கல்லில் இருந்த டே கேருக்கு மூவரும் போனபோது கேட் சாத்தியிருந்தது. அதை நடத்தும் சுல்ஃபத் டீச்சர் மாஸ்க் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். மற்ற நாட்களில் ஓடிவந்து ஜுமானாவைத் தூக்கி முத்தம் கொடுப்பவர் அவர். தெரிந்துவிட்டது என்று உமைரா நினைத்துக்கொண்டாள்.

"மோளுக்கு எப்படி இருக்கு?" டீச்சரின் குரல் கம்மியிருந்தது.

"ஒண்ணும் கோவிட் இல்ல," என்றாள் ஜுமானா.

ஷானவாஸ் தேவைக்கு அதிகமாகச் சிரித்தான். "டிவி பார்த்துப் பார்த்து இதெல்லாம் படிச்சிருக்கா டீச்சர்!"

டீச்சர் இறங்கிவந்து, கேட் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, காய்ச்சல் பார்க்கும் கருவியைக் குழந்தையின் நெற்றிக்கு நேரே பிடித்தார். காய்ச்சல் இல்லை. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது.

"டெஸ்ட் பண்ணீங்களா தம்பி?"

"பண்ணோம் டீச்சர். ஒரே கோடு."

"நிச்சயமா?"

ஷானவாஸ் மகளின் தலையில் கை வைத்தான். "என் மோள் மேல சத்தியம்."

உமைரா கேட்டில் ஏறியிருந்த துருவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் டீச்சர். "அப்ப இவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

"ஏன் டீச்சர்?"

"உள்ள இருக்கற பிள்ளைங்க எல்லாத்துக்கும் கோவிட். எனக்கும்தான். ஒவ்வொரு பிள்ளையோட உம்மாவும் தானாவே போன் பண்ணி உள்ளதச் சொல்லிட்டாங்க. பாவம், ஆருக்கும் லீவு கிடையாது. எல்லாத்துக்கும் ஒரே நோய், ஒண்ணாவே கிடக்கட்டும்னு கொண்டுவந்து விடச் சொல்லிட்டேன். இல்லாதது உங்க மோள் ஒருத்திதான். அதச் சொல்லத்தான் நேத்து கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. இவளுக்கும் ஒட்டிச்சுன்னா நான் என்ன பதில் சொல்லுவேன்? ஒரு வாரம் வீட்ல இருக்கட்டும்."

உள்ளே ஒரு பிள்ளை இருமியது. இன்னொன்று அதற்குப் பதில் சொல்வதுபோல இருமியது.

"டீச்சர்," என்றாள் உமைரா. "இவளுக்கும் இருக்கு."

"என்ன இருக்கு?"

"கோவிட். ரெண்டு கோடு."

"ஆமா டீச்சர்," என்று ஷானவாஸ் அவசரமாகச் சேர்ந்துகொண்டான். "நல்லா தடிச்ச கோடு. நானே பார்த்தேன்."

டீச்சர் அவனைப் பார்த்தார். பிறகு அவளை. பிறகு குழந்தையைக் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணும் கோவிட் இல்ல," என்றாள் ஜுமானா.

"இந்தக் குழந்தைக்கு இருக்கற நேர்மை உங்களுக்கு இல்லையே," என்றார் டீச்சர். "இப்பத்தானே மோள் தலையில கை வெச்சீங்க? வேலைக்குப் போகணும்ங்கறதுக்காக, இல்லாத நோய பெத்த பிள்ளை மேல கட்டறீங்களே!"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜுமானா சீக்கிரமே தேறிவிட்டாள். டே கேர் பிள்ளைகளும் டீச்சரும் தேறினார்கள். ஜவுளிக்கடையில் உமைராவின் நாற்காலியில் இப்போது கும்பளங்கியிலிருந்து வரும் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஷானவாஸ் மட்டும், சாயாக்கடையில் யார் கிடைத்தாலும் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறான்:

"இந்தக் காலத்துல உண்மையச் சொன்னா எவன் நம்பறான்?"