சுகர் வந்த பிறகு

“டீயில சீனி போட்டியாம்மா? உண்மையச் சொல்லு” என்றான் அதீப், குவைத்திலிருந்து வீடியோ காலில்.

மெஹரூன்னிசா போனை மேசைப் பக்கம் திருப்பினாள். இரண்டு தம்ளர்களில் ஆவி பறந்துகொண்டிருந்தது. “ஒண்ணுல சீனியே இல்ல, பாத்துக்க. ஜெயா வந்திருக்காடா.”

பக்கத்து வீட்டு ஜெயா மரக்காணம் உப்பளத்தில் வேலை முடித்து அப்போதுதான் கூனிமேட்டுக்குத் திரும்பியிருந்தாள். பலமாகக் காற்றடித்தால் பறந்துவிடுவாள் போன்ற உடம்பு. மெஹரூன்னிசாவுக்கோ உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை வேண்டும்.

“நல்லாருக்கியா தம்பி?” என்று ஜெயா போனுக்குள் எட்டிப் பார்த்தாள். “உங்கம்மாவ ஒரு நாள் எங்க உப்பளத்துக்கு அனுப்பு. பாதியா எளைச்சிடும்.”

“நீ எளைச்ச அழகுதான் தெரியுதே, போடி” என்றாள் மெஹரூன்னிசா.

முன்பெல்லாம் அதீப் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்துதான் கூப்பிடுவான். நல்லாருக்கியா, சாப்ட்டியா, வச்சிடறேன். அவ்வளவுதான். அவன் அத்தா மவுத்தாகி அவள் தனியாளான பிறகு இந்த வீட்டில் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

தனக்குச் சுகர் என்று அவள் சொன்ன நாளிலிருந்து தினமும் கூப்பிடுகிறான். சுகர் பார்க்கும் மெஷின்கூட வாங்கி அனுப்பினான்.

“காலையில எழுந்ததும் வெறும் வயித்துல பாக்கணும்மா. ஏன் தினமும் பத்து மணி, பத்து மணின்ற?”

“காலையில எனக்கு ஆயிரம் வேலைடா.”

போன் இப்போது மெஷினையும் ஒரு விரலையும் மட்டும் காட்டியது. ஊசி டிக்கென்றது. மெஹரூன்னிசா கண்ணை மூடிக்கொண்டாள். இரத்தத்தைப் பார்த்தால் அவளுக்கு ஆகாது.

இருநூற்று நாற்பது.

“என்னம்மா இது! விரல்ல வேற ஏன் இவ்ளோ வெடிப்பு?”

“பாத்திரம் தேய்க்கிறேன்ல. சோப்பு ஒத்துக்கல.”

அதீப் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து அந்த விரலைப் பார்த்தான். பிறகு, “இங்க கம்பெனி டாக்டர்கிட்ட கேட்டேன்மா” என்றான். “குண்டா இருக்கிற எல்லாருக்கும் சுகர் வராதாம். பரம்பரையா வர்ற ஜீனும் சேரணுமாம். சிலருக்கு எவ்ளோ வெயிட் போட்டாலும் உடம்பு தாங்குமாம். சிலருக்கு ஒல்லியா இருந்தாலும் வந்துடுமாம். நன்னா, மாமான்னு உன் பொறந்த வீட்டு ஆளுங்க எல்லாரும் உன் சைஸுதான். ஒருத்தருக்கும் சுகர் கிடையாது. உனக்கு மட்டும் எப்படிம்மா?”

மெஹரூன்னிசா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள். இந்தப் பத்து மணி அழைப்பும் போய்விடுமோ?

“அல்லா நாட்டம்டா” என்றாள், குரல் இறங்கி. “நாளைக்குக் கொறைஞ்சிருக்கும். கூப்பிட்டுக் கேளு, என்ன?”

ஜெயா தன் விரலைத் துணியில் துடைத்துவிட்டு, சீனியில்லாத தம்ளரைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டாள்.

குவைத்திலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

“ஜெயாக்கா விரல விட்டுடும்மா, சுகர் இல்லாட்டியும் தினமும் கூப்பிடறேன்.”