மாத்திரை யாருக்கு?

"எனக்கும் ஒரு மாத்திரை குடுங்க நர்சம்மா. காலையில அந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு தடவை பேசித் தொலைச்சிட்டேன்!"

பார்சல் ஆபீஸின் வேன் டிரைவர் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் பேக்கிங் அக்காவும் மற்றவர்களும் முண்டியடித்தார்கள்.

காலையில் புக்கிங் பெண் நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து, ஆம்புலன்ஸில் போயிருந்தாள். மூளைக்காய்ச்சல், உயிருக்கே ஆபத்து என்று சுகாதார நர்ஸ் வந்து சொன்னதும் ஆபீஸே ஆடிப்போனது.

"சும்மா நின்னு பேசினதுக்கெல்லாம் மாத்திரை வேண்டாம். இந்தக் கிருமி எச்சில்ல, தொண்டைச் சளியில இருக்கும். பல பேர் தொண்டையில ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கும். யாரோ ஒருத்தருக்கு மட்டும் ரத்தத்துல இறங்கி, ஒரே நாள்ல ஆளைச் சாய்ச்சிடும். ஒரே ரூம்ல தங்கறவங்க, முத்தம் குடுத்தவங்க, இவங்களுக்குத்தான் மாத்திரை. ஹாஸ்டல்ல அவகூட ஒரே ரூம்ல இருக்கற பொண்ணுக்குக் குடுத்தாச்சு."

"முத்தமா?" டிரைவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "ஆளை விடுங்க தாயே! நான் மாத்திரை வாங்கினேன்னு வீட்டுல தெரிஞ்சா, கிருமிக்கு முன்னாடி அவளே என்னை முடிச்சிடுவா."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பேக்கிங் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தலை வெடிக்குதுன்னு வந்ததுமே சொன்னா. அதுக்கும் வாங்கிக் கட்டிக்கிட்டா, பாவம்."

எல்லோரும் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் வெளிறிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் புக்கிங் பெண்ணுக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவு. பில்லில் ஒரு எழுத்து தப்பினாலும் அவர் கத்துவார். அவளும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பாள். இன்று காலைகூட, "தலைவலின்னா வீட்டுக்குக் கிளம்பு, இங்க உக்காந்து முனகாதே!" என்று ஆபீஸே அதிரக் கத்தியிருந்தார்.

"அவ... பொழைச்சிடுவாளா?" என்று கேட்டார் இப்போது.

"தினம் அவளைக் கரிச்சுக் கொட்டிட்டு, இப்ப கேளுங்க சார்!" டிரைவருக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டருங்க போராடிக்கிட்டுதான் இருக்காங்க," என்றாள் நர்ஸ். "ஒண்ணு சொல்றேன். அவளோட நெருக்கமா இருந்தவங்க வேற யாராவது இருந்தா மறைக்காதீங்க. மாத்திரை போடலைன்னா உங்க உயிருக்கும் ஆபத்து, உங்ககிட்டேயிருந்து இன்னொருத்தருக்கும் பரவும்."

நர்ஸ் பையை மூடினாள்.

"எனக்குக் குடுங்க."

சூப்பர்வைசர்தான்.

"உங்களுக்கு எதுக்கு சார்?" டிரைவர் வாயைப் பிளந்தார். "நீங்கதான் அவ பக்கமே போக மாட்டீங்களே!"

"ஒரே ஆபீஸ்ல புருஷன் பொண்டாட்டி வேலை பார்க்கக் கூடாதுன்னு கம்பெனி சட்டம். அதான் வெளியில தெரியாம இருக்க இங்க சண்டை போட்டோம்," என்றவர் அப்படியே உடைந்து அழுதார். "போன மாசம் பதிவு பண்ணிக்கிட்டோம். அவ என் பொண்டாட்டிம்மா!"