சுவரைப் பார்த்து ஓட்டு

இன்றைக்குப் பார்த்துத்தானா தலைமை தன் முறைக்கு வர வேண்டும் என்று அம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தச் சலவைக்கூடம் அங்கே வேலை செய்கிறவர்களுக்கே சொந்தம். கூட்டத் தலைமை முறைவைத்து வரும். தலைமை ஏற்பவருக்கு அன்று பேச்சும் கிடையாது, ஓட்டும் கிடையாது. கைகளை எண்ணிச் சொல்வதோடு சரி.

எதிரே நின்று பேசிக்கொண்டிருந்ததோ அவள் பெற்ற மகள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, பதினாறு வயதானவர்களையும் வேலைக்குச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டபின் இரண்டு மணி நேரம். பாய்லர் பக்கம் போவதில்லை. பரீட்சை நாட்களில் வருவதில்லை.

வீட்டில் ஒரு வாரமாக இதே ரகளைதான். இந்தக் கூடம் ஒரு முதலாளியிடம் இருந்த காலத்தில், சின்னஞ்சிறு வயதிலேயே சலவைச் சோடாத் தண்ணீரில் வெந்த கை அம்மாவுடையது. அந்தக் கையால் வளர்த்த பெண் அழுக்கு மூட்டையைத் தொடக் கூடாது என்பது அவள் வைராக்கியம். தன் உயிர் இருக்கும்வரை நடக்காது என்று மகளிடம் சொல்லியிருந்தாள். இப்போது அதைச் சபையில் சொல்ல முடியாமல் வாய் துறுதுறுத்தது.

நல்லவேளையாகப் பாய்லர்க்காரர் எழுந்தார். சோறு இருக்கிறது, படிப்பு இருக்கிறது, பிள்ளைகள் யாருக்காகப் பாடுபட வேண்டும் என்று கேட்டார். அவர்கள் வந்தால் பெரியவர்களுக்கு வேலை நேரம் குறையும் என்று மகள் சொல்லியிருந்ததையும் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் உழைப்பில் நாம் சுகம் கண்டால் பழைய முதலாளிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்றார்.

பெண் வசமாக மாட்டிக்கொண்டாள் என்று அம்மா நினைத்தாள். சந்தோஷப்பட வேண்டியவள், மகள் எப்படியாவது பதில் சொல்லிவிட மாட்டாளா என்று பார்த்தாள்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். அவர் சொல்வது சரி, அந்தப் பேச்சை எடுத்துவிடலாம் என்றாள்.

"உங்க நேரம் குறையலைன்னாலும் எங்களுக்கு வேலை வேணும். எல்லாம் எல்லாருக்கும் சொந்தம்னு சொல்றீங்க. எங்களை மட்டும் விருந்தாளி மாதிரி உக்கார வச்சே சோறு போடுறீங்க."

துணி தேய்க்கும் இஸ்திரி மாமா தொண்டையைச் செருமினார்.

இந்தத் துணிச்சல் இவளுக்கு எங்கிருந்து வந்தது? அவள் வயதில் அம்மா முதலாளி முன்னால் வாய் திறந்ததே இல்லை. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஓட்டெடுப்பு வந்தது. அங்கே ஓட்டுப் போடும்போது எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். யார் முகத்துக்கும் அஞ்சிக் கை எழவும் கூடாது, தாழவும் கூடாது. ஓட்டில்லாத பிள்ளைகள் மட்டும் நடுவில் நின்றார்கள்.

சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்று அம்மா அறிவித்தாள்.

முடிந்து திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. பல வருடப் பழக்கம், அம்மாவும் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். எண்ணுவதற்கு ஆளே இல்லை.

மாப்பிள்ளையை மறந்துவிட்டு ஊர்வலம் கிளம்பிய கதையாகிவிட்டது என்றார் இஸ்திரி மாமா. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

மறுபடி எடுக்கலாம் என்றார்கள் சிலர். பாய்லர்க்காரர்தான் வேண்டாம் என்றார். கைகளைப் பார்த்தவள் அந்தப் பெண், அவளே சொல்லட்டும், பொய் சொல்கிற முகமா அது என்று கேட்டார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேட்டது கிடைத்துவிடும்.

"இன்னும் ஒரே ஒரு கை இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம். தோத்துட்டோம்."

பின்னால் நின்ற பிள்ளைகளின் தலை தொங்கிப்போயிற்று. பாய்லர்க்காரர் அவளைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார். அம்மா நிமிரவே இல்லை.

மகள் தன் கூட்டத்தாரின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் தோற்ற களையே இல்லை.

"அடுத்த கூட்டத்துல மறுபடி கேட்போம். அப்ப அம்மா தலைவரா இருக்க மாட்டாங்க. இன்னிக்குச் சுவரைப் பார்த்து அவங்க தூக்கின கையும் கணக்குல சேரும்."